பாக் இசையைக் குரல் குரலாக மனத்தில் ஏற்றியவர்: ஹெல்முட் வால்ஹாவும் அவருடைய ஆர்கன் பதிவுகளும்

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர், மாதா கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவர், இப்படிக் கேட்டிருந்தார்: "ஜெர்மனியில் ஒருவர் கண் தெரியாமலே பாக் எழுதிய ஆர்கன் இசை மொத்தத்தையும் மனப்பாடமாக வாசித்து, இரண்டு தடவை ரெக்கார்டு பண்ணியிருக்கிறாராமே, நிஜமா? நிஜமென்றால் எப்படி முடிந்தது? எதிலிருந்து கேட்க ஆரம்பிப்பது?"

நிஜம்தான் தம்பி. பாக், முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஜெர்மானிய இசையமைப்பாளர். அவர் இசையை வாசித்தவர் பெயர் ஹெல்முட் வால்ஹா. 1907 அக்டோபர் 27 அன்று லைப்சிக்கில் பிறந்தவர், 1991 ஆகஸ்ட் 11 அன்று பிராங்பர்ட்டில் இறந்தவர். 'மொத்தத்தையும்' என்பதில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பாம்பன்காரன். இசைக் கல்லூரிப் படிப்பெல்லாம் கிடையாது. கோயிலில் முப்பது வருஷம் ஆர்மோனியமும் ஆர்கனும் வாசித்தவன், அவ்வளவுதான். கப்பலில் வேலை பார்த்த என் சித்தப்பா ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிவந்த இரண்டு கேசட்டுகளில் ஒன்று வால்ஹா. உறை கிழிந்து போயிருந்ததால் அவர் பெயரே எனக்குப் பல வருஷம் தெரியாது. பெயர் தெரியாத அந்த மனிதரைத்தான் என் குருவாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் பக்கம் ஆர்கன் என்றால் ஆளுக்கு ஒன்றை நினைப்பார்கள். இப்போதுள்ள பிள்ளைகள் கீபோர்டையே ஆர்கன் என்கிறார்கள். என் வயதுக்காரர்களுக்கு அது காலால் மிதிக்கிற பெடல் ஆர்கன், ஆர்மோனியத்தின் பெரியண்ணன். எங்கள் கோயிலில் அப்படி ஒன்று இருந்தது. உப்புக்காற்றுதான் அதற்கு எமன். உள்ளே வரிசையாகப் பித்தளை நாக்குகள் இருக்கும். ஒரு மழைக்காலம் போனால் போதும், பச்சை பூத்துவிடும். ஒரு கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசையில், அமுக்கின ஒரு கட்டை மேலே எழும்பவே இல்லை. நான் மிதிக்கிற வரைக்கும் அந்த ஒற்றைச் சுரம் எல்லாப் பாட்டிலும் கூடவே ஓடியது. மிதிப்பதை நிறுத்தினால் மற்ற சுரங்களும் நின்றுவிடும், அதனால் நிறுத்தவும் முடியாது. மறுநாள் மூடியைக் கழற்றிப் பார்த்தால் கட்டைக்கு அடியில் கடல் மணலும் ஒரு கரப்பானின் இறக்கையும். அதைச் சுத்தம் பண்ணும்போதுதான் நாக்குகளைச் சுரண்டிச் சுருதி சேர்க்கக் கற்றுக்கொண்டேன். நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். ஆசைப்பட்டு அதிகமாகச் சுரண்டினால் நாக்கு போய்விடும்.

வால்ஹா வாசித்தது இது இரண்டுமே இல்லை. அது குழாய் ஆர்கன். அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனிக் குழாய். ஒவ்வொரு நாதத்துக்கும், அதாவது புல்லாங்குழல் மாதிரி, எக்காளம் மாதிரி ஒலிக்கிற ஒவ்வொரு வகைக்கும், தனித்தனிக் குழாய் வரிசை. எந்த வரிசை பேச வேண்டுமோ அதன் குமிழை இழுத்து வைக்க வேண்டும். கைக்கு இரண்டு மூன்று அடுக்குக் கட்டைகள், காலுக்குத் தனியாக ஒரு வரிசை நீளக் கட்டைகள். கால் மிதிப்பது காற்றுக்காக இல்லை, வாசிப்பதற்கு. காற்று துருத்திகளிலிருந்து ஒரே அழுத்தத்தில் வந்துகொண்டே இருக்கும். கச்சான் காற்று மாதிரி வீசி வீசி அடித்தால் சுருதி ஆடிவிடும். காலுக்கான 16 அடி வரிசையில் மிகப் பெரிய குழாயை நிமிர்த்தி வைத்தால் நம் ஓட்டு வீட்டு முகட்டைத் தாண்டும்.

இன்னொரு குணம், வால்ஹாவைப் புரிந்துகொள்ள இதுதான் முக்கியம்: கட்டையை மெதுவாகத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் குழாய் ஒரே சத்தம்தான் போடும். அழுத்தி வாசித்து ஒரு சுரத்தைத் தூக்கிக்காட்ட வழியில்லை. எப்போது தொடங்குகிறது, எப்போது விடுகிறோம் என்ற இரண்டு மட்டுமே வாசிப்பவர் கையில் இருக்கிறது. மூன்று நான்கு மெட்டுகள் ஒரே நேரத்தில் ஓடும்போது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்க வைப்பது அந்த விடுகிற நேரம்தான்.

சரி, ஆளுக்கு வருவோம். சிறுவயதில் போட்ட அம்மைத் தடுப்பூசிக்குப் பிறகு பார்வை கெட்டது என்பார்கள். 19 வயதில் முழுதாகப் போய்விட்டது. அப்போது அவர் லைப்சிக்கில் குந்தர் ராமின் என்பவரிடம் படித்துக்கொண்டிருந்தார். ராமின், தோமையார் கோயிலின் ஆர்கன் கலைஞர். பாக் தன் கடைசி 27 வருஷம் வேலை பார்த்த அதே கோயில். வால்ஹா அங்கே ராமினுக்கு உதவியாளராகவும் இருந்தார். 1929-இல் பிராங்பர்ட்டுக்குப் போனவர் பிறகு அந்த ஊரை விட்டு மாறவில்லை. அங்கே இசைப் பேராசிரியர், 1946-இலிருந்து 1981 வரை மூவரசர் கோயிலில் ஆர்கன் வாசிப்பவர். உலகம் சுற்றிக் கச்சேரி பண்ணிப் பேர் வாங்கினவர் என்று சொல்ல முடியாது. கோயில், மாணவர்கள், ஒலிப்பதிவு. இதுதான் அவருடைய வாழ்க்கை.

இனி மனப்பாடம். நம் குழுவில் நாலு குரல் பாட்டு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? சோப்ரானோ பெண்களைக் கோயில் திண்ணையில் உட்கார வைத்து அவர்கள் மெட்டை மட்டும் பத்துத் தடவை பாடவிடுவோம். ஆல்டோவுக்குத் தனியாக, டெனருக்குத் தனியாக. பேஸ் பாடுகிற பையன்கள் கடலிலிருந்து வந்து, குளித்துச் சாப்பிட்டு, கடைசியில் வந்து சேருவார்கள். எல்லாக் குரலும் தனித்தனியே நின்ற பிறகுதான் சேர்த்துப் பாடவிடுவோம். முதல் தடவை சேரும்போது அவரவர் மெட்டை விடாமல் பிடித்துக்கொள்ளப் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும்.

வால்ஹா செய்தது இதையேதான், ஒரே மண்டைக்குள். முதலில் அவருடைய அம்மா, பிறகு மனைவி ஊர்சுலா, பக்கத்தில் உட்கார்ந்து வலது கையின் பகுதியைத் தனியாக, இடது கையின் பகுதியைத் தனியாக, காலின் பகுதியைத் தனியாக வாசித்துக்காட்டுவார்கள். கடைசியில் எல்லாம் சேர்த்து ஒரு தடவை. ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டு பின்னிப் பின்னிப் போகிற ஃபியூக் மாதிரியான இசை என்றால் குரல் குரலாகப் பிரித்து ஏற்றிக்கொள்வார். மற்றவர்களுக்கு ஒரு பக்கத்தில் அச்சடித்த தாளாக இருப்பது, அவருக்குள் நாலு ஆட்கள் நாலு பக்கம் நின்று பாடுகிற மாதிரி இருந்திருக்க வேண்டும். மாணவர்களையும் விடமாட்டார்: ஒரு குரலை வாயால் பாடிக்கொண்டே மற்றக் குரல்களைக் கையாலும் காலாலும் வாசிக்க வேண்டும். நம்பாவிட்டால் இரண்டே குரல் உள்ள ஒரு ஞானப்பாடலில் முயன்று பாருங்கள். நான் முயன்றேன், என் வீட்டில் சிரித்தார்கள்.

ஆக, கண் தெரியாதபோதும் வாசித்தார் என்று வியப்பது பாதிக் கதைதான். தாளைப் பார்த்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிக்கும் வசதி இல்லாததால், குரல்களைத் தனித்தனியே அறிந்துகொள்வது ஒன்றே அவருக்கு இருந்த வழி. பாக்கின் இசைக்கும் அதுவே சரியான வழியாக அமைந்துவிட்டது. அவர் பதிவுகளில் கேட்பது அதைத்தான்.

முதல் சுற்றுப் பதிவு 1947 ஆகஸ்டில் தொடங்கியது. அவருக்கு அப்போது 40 வயதுகூட நிரம்பவில்லை. பழைய இசையைப் பதிவு செய்வதற்கென்றே அந்த வருஷம்தான் ஆர்ஹீவ் என்ற பிரிவை ஜெர்மானிய கிராமபோன் நிறுவனம் தொடங்கியிருந்தது. இடம் லூபெக். 1942-இல் குருத்து ஞாயிற்றுக்கு முந்தைய இரவு குண்டுபோட்டு எரித்த ஊர் அது. 1705-இல் இருபது வயது பாக், பக்ஸ்டஹூட என்ற பெரியவரின் ஆர்கனைக் கேட்க 400 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே போனாரே (நம் ஆட்கள் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போகிற மாதிரி), அந்த மரியன்னை கோயிலும் எரிந்துபோன கோயில்களில் ஒன்று. தப்பித்தது அதே ஊரின் யாக்கோபு கோயில், நம் பாஷையில் சந்தியாகப்பர் கோயில். அங்குள்ள சிறிய ஆர்கனில்தான் வால்ஹா வாசித்தார். நாடு முழுக்க இடிந்து கிடந்த காலத்தில் இந்தக் காரியத்துக்கு ஒருவர் மைக்கை எடுத்துக்கொண்டு போனார் என்பதே எனக்கு ஆச்சரியம்.

அதற்கு அடுத்த இடம்தான் என் மனசுக்கு நெருக்கமானது. காப்பெல். வடகடல் ஓரத்தில், கடல் ஏறாமலிருக்க எழுப்பிய மண்கரைக்குப் பின்னால், தட்டையான நிலத்தில் ஒரு கிராமம். மேடு பள்ளமில்லாத நம் தேவிபட்டினம், தொண்டிப் பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள், குளிரை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கிராமத்துக் கோயிலில் இருக்கும் ஆர்கன், ஆர்ப் ஷ்னிட்கர் என்ற பெரிய கைவினைஞர் 1680-இல் ஹாம்பர்க் நகரத்துக்காகச் செய்தது. ஓரியூர் மணலில் அருளானந்தரை, அதாவது வேதசாட்சி ஜான் டி பிரிட்டோவை, வெட்டின 1693-இல் அதற்கு 13 வயது, பாக்குக்கு 7 வயது. காப்பெல் கோயில் தீப்பிடித்துப் போன பிறகு, 1816-இல் நகரத்திலிருந்து இந்த ஆர்கனை வாங்கிக் கொண்டுவந்து வைத்தார்கள். நகரத்துப் பெரிய கோயில்களில் காலத்துக்குக் காலம் ஆர்கனைப் 'புதுப்பித்து' பழைய ஒலியைக் கெடுத்தார்கள். கடலோரக் கிராமத்தில் இது பெரும்பாலும் பழையபடியே பிழைத்துக்கொண்டது. 1950 தொடங்கி 1952 வரை வால்ஹா முதல் சுற்றின் பெரும் பகுதியை இதில்தான் பதிவு செய்தார். மோனோ பதிவுதான், ஆனால் ஒலி எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால் தெரியும். பெரிய பேராலயத்தில் சத்தம் உருண்டு உருண்டு கலங்கிப்போகுமே, அது இங்கே கிடையாது.

இரண்டாவது சுற்று ஸ்டீரியோ வந்ததால் வந்தது. 1956-இல் நெதர்லாந்தில் அல்க்மார் ஊரின் லாரன்ஸ் கோயிலில் ஆரம்பம். அங்கிருக்கும் பெரிய ஆர்கன் 1640களில் கட்டியது. ஷ்னிட்கரின் மகன் பிரான்ஸ் காஸ்பர் 1725 வாக்கில் அதைத் திருத்தியமைத்தார். அப்பன் செய்ததில் முதல் சுற்றின் பெரும் பகுதி, பிள்ளை திருத்தியதில் இரண்டாவது சுற்றின் தொடக்கம். பாக் முடிக்காமல் விட்டுப்போன 'ஃபியூகின் கலை' என்ற தொகுப்பை வால்ஹா 1956-இல் அங்கே வாசித்ததுதான் அந்த நிறுவனத்தின் முதல் ஸ்டீரியோ பதிவு என்பார்கள். மிச்சப் பகுதிகளை 1969 முதல் 1971 வரை ஸ்ட்ராஸ்பூர்க்கில், இளைய பேதுரு கோயிலில் இருக்கும் சில்பர்மான் ஆர்கனில் முடித்தார். தொடங்கி முடிக்க 15 வருஷம்.

இப்போது 'மொத்தத்தையும்' என்ற சொல்லுக்கு வருகிறேன். விவால்டி போன்ற பிறருடைய இசையைப் பாக் ஆர்கனுக்கு மாற்றி எழுதியவை வால்ஹாவின் தொகுப்பில் இல்லை. பாக் எழுதியதுதானா என்று சந்தேகமுள்ள சிலவும் இல்லை. அவருக்கு உறுதியான கருத்துகள் உண்டு, சில சமயம் பிடிவாதமாகவே. ரேகர் என்ற பிற்கால இசையமைப்பாளரின் ஆர்கன் இசையை அச்சிலேயே விமர்சித்துப் பெரிய சண்டையைக் கிளப்பியவர். எனக்கு ரேகர் பிடிக்கும், அதனால் அந்த விஷயத்தில் நான் வால்ஹா கட்சி இல்லை.

ஆர்கன் தவிர ஹார்ப்சிகார்டும் (கட்டையை அமுக்கினால் தந்தியைச் சுண்டி ஒலிக்கும் பழைய கருவி) வாசித்தார். 24 சுருதிகளுக்கும் இரண்டிரண்டாக 48 முன்னிசையும் ஃபியூகும் கொண்ட பாக்கின் தொகுப்பை அதிலும் இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார். 'ஃபியூகின் கலை'யில் 239-ஆம் பாரோடு (பார் என்பது ஒரு தாளக்கட்டு) அறுந்து நிற்கும் கடைசி ஃபியூகைத் தானே எழுதி முடித்து வெளியிட்டார். கடைசிப் பதிவு 1977-இல். அதற்கு எங்கே போனார் தெரியுமா? மறுபடி காப்பெலுக்கு. பாக்குக்கு முந்தைய பெரியவர்களை, பக்ஸ்டஹூட, பாஹெல்பெல், ஸ்வேலிங்க் ஆகியோரையெல்லாம், அந்த ஆர்கனிலேயே வாசித்தார். 70 வயதில், கால் நூற்றாண்டு கழித்து, அதே கடலோரத்துக் கட்டைகள்.

குறையே இல்லையா என்றால், உண்டு. வால்ஹா வறட்சி, மிலிட்டரி நடை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு வேகத்தில் தொடங்கினால் கடைசி வரை அதே வேகம், திடீர்த் திருப்பம் எதுவும் இருக்காது. அதே ராமினிடம் படித்த கார்ல் ரிக்டரைக் கேட்டுவிட்டு இவரைக் கேட்டால் தீபாவளி முடிந்த மறுநாள் மாதிரித்தான் இருக்கும். பிரான்ஸின் மரி கிளேர் அலேன், பாக்கின் ஆர்கன் இசையை மூன்று முறை பதிவு செய்தவர், இன்னும் நெகிழ்வாக வாசிப்பார். முதலில் கேட்கிறவருக்கு அவர்கள் இருவரும்தான் பிடிக்கும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் வால்ஹாவிடம்தான் வர வேண்டும். ஸ்டீரியோ பதிவை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். என்னைக் கேட்டால் காப்பெல் மோனோதான். அதில் இன்னும் உயிர் இருக்கிறது.

கேட்கும் முறையைப் பற்றி ஒன்று. தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். 16 அடிக் குழாயின் அடிச் சுரம் நொடிக்குச் சுமார் 33 அதிர்வு. போனில் இருக்கிற பொடி ஸ்பீக்கருக்கு அது வரவே வராது. கால் வாசிப்பது முழுக்கக் காணாமல் போய், கை மட்டும் வாசிக்கும் ஏதோ ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். இயர்போன் போடுங்கள். இல்லையென்றால் சாமியாரிடம் கேட்டு, ஆளில்லாத மத்தியானத்தில் கோயில் பாக்ஸில் போட்டுக் கேளுங்கள். நான் அப்படிச் செய்த அன்று உபதேசியார் ஓடிவந்து, "யார் செத்துப்போனது?" என்று கேட்டார்.

பாக்கின் படைப்புகளுக்கு பி.டபிள்யூ.வி. என்று எண் உண்டு. தேடும்போது வால்ஹா பெயரோடு அந்த எண்ணைப் போட்டால் போதும். எல்லோரும் டி மைனர் டொக்காட்டா, 565-இல் தொடங்குவார்கள். பேய்ப் படத்தில் கேட்ட அந்தச் சத்தம்தான். வேண்டாம், அதை எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். முதலில் 645. பத்துக் கன்னியர் உவமையை வைத்து எழுதிய பழைய ஞானப்பாடல் அதற்கு அடிப்படை. மேலே ஒரு மெட்டு ஆடிக்கொண்டே வரும், நீங்கள் அதுதான் பாட்டு என்று நினைப்பீர்கள். கொஞ்ச நேரம் கழித்து நடுவில் கனமான குரலில் ஞானப்பாடல் நுழையும். இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் போகும், ஆனால் மோதிக்கொள்ளாது.

அப்புறம் 582. எட்டே பார் கொண்ட ஒரு மெட்டு, முதலில் கால் மட்டும் தனியாக வாசிக்கும். அதே மெட்டின் மேல் 20 விதமாகக் கட்டிக்கொண்டே போய், கடைசியில் ஃபியூகாக விரியும். அடுத்து ட்ரியோ சொனாட்டாக்கள், 525 முதல் 530 வரை ஆறு. வலது கைக்கு ஒரு குரல், இடது கைக்கு ஒரு குரல், காலுக்கு ஒரு குரல், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. தன் மூத்த பிள்ளை பழகுவதற்காகப் பாக் எழுதியவை என்பார்கள். ஒரே பகுதியை மூன்று தடவை போடுங்கள். முதல் தடவை கையை, இரண்டாம் தடவை மற்றக் கையை, மூன்றாம் தடவை காலை மட்டும் விடாமல் பின்தொடருங்கள். நடுவில் எங்கேயோ தவறவிட்டு மேல் குரலுக்குத் தாவிவிடுவீர்கள். அது எல்லோருக்கும் நடக்கும், மறுபடி போடுங்கள்.

நம் கோயிலிலேயே வாசிக்க ஏதாவது உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். 639. இரண்டரை நிமிஷம், மூன்றே குரல், எஃப் மைனர். நாலு பிளாட் பயமாக இருந்தால் ஈ மைனரில் பழகிக்கொண்டு டிரான்ஸ்போஸை ஒன்று ஏற்றி வையுங்கள். வால்ஹா காதில் விழாமல் பார்த்துக்கொள்ளலாம். மேல் மெட்டு வலது கைக்கு, நடுவில் ஓடுகிற பொடிச் சுரங்கள் இடது கைக்கு. காலின் பகுதியை உங்கள் பேஸ் கிட்டார் பையனிடம் கொடுத்துவிடுங்கள். சமமான நடைதான், அவனுக்கு ஒரு சாயங்காலம் போதும். அவன் முதலில் தனியாக வாசிக்கட்டும், பிறகு உங்கள் இடது கை மட்டும் அவனோடு, பிறகு வலது கை. மூன்றும் சேரும்போது வேகத்தைக் கூட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.